டெரிக் ரோஸை ஹால் ஆஃப் ஃபேம்ல சேர்க்கலாமா? நடந்ததை மட்டும் எண்ணிப் பார்ப்போம்

2009ல ஆரம்பிச்சு 2013 வரைக்கும் அமெரிக்க பாஸ்கெட்பால் லீக்கான என்பிஏல எம்விபி, அதாவது அந்த வருஷத்தோட சிறந்த ஆட்டக்காரர், யாருன்னு வரிசையா சொல்லிப் பாருங்க. லெப்ரான், லெப்ரான், ரோஸ், லெப்ரான், லெப்ரான். அந்த நடுப்பேருக்காகத்தான் இவ்ளோ நீளமா எழுத உட்கார்ந்திருக்கேன். சிகாகோவோட இங்கிள்வுட் ஏரியால அம்மா தனியா வளர்த்த நாலு பசங்கள்ல கடைக்குட்டி, 22 வயசுல லீக்லயே இளைய எம்விபி, 23 வயசுல முட்டி போச்சு, 35 வயசுல, 2024 செப்டம்பர்ல ரிடையர் ஆனார். இவரை ஹால் ஆஃப் ஃபேம்ல சேர்க்கணுமா வேண்டாமான்னு பேச ஆரம்பிச்சா எந்த பாஸ்கெட்பால் கூட்டமும் ரெண்டா பிரிஞ்சிடும், நானும் பல வருஷம் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் மாறி மாறி நின்னவன்தான்.

முதல்ல அந்த இடம் என்னன்னு சொல்லிடறேன், ஏன்னா பாதி சண்டை அது தெரியாததாலதான் வருது. மாசசூசெட்ஸ்ல ஸ்பிரிங்ஃபீல்டுன்னு ஒரு ஊர், 1891ல ஜேம்ஸ் நெய்ஸ்மித் பீச் பழக் கூடையை சுவத்துல மாட்டி இந்த விளையாட்டையே கண்டுபிடிச்சது அங்கதான், பாஸ்கெட்பால்ல சாதிச்சவங்களை கௌரவிக்கற ஹால் ஆஃப் ஃபேமும் அங்கதான் இருக்கு. அது என்பிஏவோட சொத்து கிடையாது. காலேஜ், பெண்கள் பாஸ்கெட்பால், வெளிநாட்டு லீக், கோச், ரெஃப்ரி எல்லாருக்கும் பொதுவான இடம். கடைசிச் சுத்துல 24 பேர் ஓட்டு போடுவாங்க, அதுல 18 பேர் சரின்னு சொன்னா உள்ள. இத்தனை ஆல்-ஸ்டார் (வருஷா வருஷம் லீக்கோட பெரிய ஆளுங்களைப் பொறுக்கி எடுத்து நடத்தற மேட்ச்) ஆடியிருக்கணும், இத்தனை பாயின்ட் எடுத்திருக்கணும்னு எழுதி வெச்ச கட்-ஆஃப் எதுவும் கிடையாது. அதனால அந்த 24 பேருக்கும் ஒப்பிட்டுப் பார்க்கறது ஒண்ணுதான் வழி, ஏற்கனவே உள்ள இருக்கறது யாரு, வெளிய நிக்கறது யாரு, இவர் யார் பக்கத்துல நிக்க வேண்டியவர்னு.

ரோஸ் விஷயத்துல ஜனங்க சொல்ற தீர்ப்பு மூணு தினுசு. வேண்டாம், ஆடுனதே நாலு வருஷம், அது பத்தாதுன்றது ஒண்ணு. முட்டி மட்டும் போகலைன்னா எங்கயோ போயிருப்பான், அதுக்காகவாவது சேர்க்கணும்னு சொல்றது இன்னொண்ணு. மூணாவது, எம்விபி வாங்குனவன் எவனும் வெளிய நின்னதில்ல, அதனால இவரும் தானா உள்ள போயிடுவார்னு ஒரு கணக்கு. இந்த மூணுமே எனக்கு ஒத்து வரல. முதல் ஆளுங்க சொல்றதுல நிறைய உண்மை இருக்கு, அதை மறைக்காம சொல்றேன். ரெண்டாவது ஆளுங்க மேல எனக்கு பாசம் உண்டு, ஆனா அவங்க ரோஸுக்கு நல்லது பண்றதா நினைச்சு கெட்டது பண்றாங்க.

ஏன்னு சொல்றேன். நடக்காத மேட்சுக்கு யாராலயும் மார்க் போட முடியாது. "போயிருந்தா", "ஆடியிருந்தா"ன்னு ஆரம்பிச்சா பிராண்டன் ராயையும் உள்ள விடணும், போர்ட்லேண்டுக்கு ஆடுன அருமையான ஆட்டக்காரர், ரூக்கி ஆஃப் த இயர் (சிறந்த முதல் வருஷ ஆட்டக்காரர்), மூணு தடவை ஆல்-ஸ்டார், ரெண்டு தடவை ஆல்-என்பிஏ (சீசனோட சிறந்த ஆளுங்க பட்டியல்), முட்டி தேஞ்சு போய் 326 மேட்ச்சோட முடிஞ்சது, அவர் உள்ள இல்ல. தொண்ணூறுகள்ல ஓர்லாண்டோவுக்கு ஆடுன பென்னி ஹார்டவேயும் இல்ல. காயத்துக்கு இரக்கப்பட்டு கதவைத் திறந்தா அது ஹால் ஆஃப் ஃபேமா இருக்காது, அதைவிட முக்கியமா ரோஸ் நிஜமா பண்ணது எல்லாம் அந்த இரக்கத்துக்கு அடியில புதைஞ்சிடும். அதனால இங்க ஒரு கண்டிஷன் போட்டுக்கறேன், "மட்டும் இருந்திருந்தா"ன்ற வார்த்தையே வரக்கூடாது. என்ன நடந்துச்சோ அது மட்டும்.

என்ன நடந்துச்சு? சிமியன் ஹைஸ்கூல்ல ரெண்டு வருஷம் தொடர்ந்து, 2006, 2007, ஸ்டேட் சாம்பியன்ஷிப். அந்த ஸ்கூல்ல 25ம் நம்பர் ஜெர்சின்னா சாதாரண விஷயம் இல்ல, 1984ல சுட்டுக் கொல்லப்பட்ட பென் வில்சன்ற பையனோட நம்பர் அது, அதைப் போட்டுக்கிட்டு ஆடுனவர் ரோஸ். அப்புறம் மெம்பிஸ் யுனிவர்சிட்டில ஒரே ஒரு வருஷம், 38 ஜெயிச்சு 2 தோத்த டீம், 2008 ஃபைனல்ல கான்சாஸ்கிட்ட ஓவர்டைம்ல தோத்தாங்க. கடைசி ரெண்டு நிமிஷம் இருக்கும்போது ஒம்பது பாயின்ட் முன்னாடி இருந்தவங்க, ஃப்ரீ த்ரோவா விட்டு விட்டு, ரோஸும் பத்து செகண்ட் இருக்கும்போது ரெண்டுல ஒண்ணை விட்டார், அடுத்து கான்சாஸோட மாரியோ சால்மர்ஸ் போட்ட த்ரீ (மூணு பாயின்ட் ஷாட்) இன்னிக்கும் ரீல்ல ஓடிட்டே இருக்கு. அதுக்கும் மேல அந்த சீசன் மொத்தமும் ரெக்கார்டுல இருந்தே அழிக்கப்பட்டது, ரோஸோட எஸ்ஏடி (காலேஜ் நுழைவுத் தேர்வு) மார்க் செல்லாதுன்னு முடிவானதால. ஹால் ஆஃப் ஃபேம் காலேஜ் சாதனையையும் எண்ணுதுன்னு மேல சொன்னேன் இல்லையா, அந்தப் பத்தியில ரோஸுக்கு எழுத ஒண்ணுமே இல்ல. இது சின்ன விஷயம் இல்ல, பில் வால்டன் பத்தி பேசும்போது திரும்ப வருவேன்.

2008 டிராஃப்ட் லாட்டரில, அதாவது புது ஆட்டக்காரங்களை எந்த டீம் முதல்ல எடுக்கறதுன்னு முடிவு பண்ற குலுக்கல்ல, சிகாகோ புல்ஸுக்கு முதல் சான்ஸ் கிடைக்க வாய்ப்பு 1.7 சதவீதம்தான், கிடைச்சிடுச்சு, சொந்த ஊர்ப் பையனை எடுத்தாங்க. முதல் வருஷமே ரூக்கி ஆஃப் த இயர். முதல் பிளேஆஃப் (ரெகுலர் சீசனுக்கு அப்புறம் வர்ற நாக்அவுட் சுத்து) மேட்ச், பாஸ்டன்ல, நடப்பு சாம்பியன் செல்டிக்ஸுக்கு எதிரா, 36 பாயின்ட் 11 அசிஸ்ட். பிளேஆஃப் அறிமுக மேட்ச்சுல ஒரு ரூக்கி எடுத்த அதிகபட்ச ஸ்கோர், கரீம் அப்துல்-ஜப்பாரோட சமம். நாலு மேட்ச் ஜெயிச்சா போதும்ன்ற அந்த சீரிஸ் ஏழு மேட்ச் போச்சு, ஆறாவது மேட்ச் மூணு ஓவர்டைம், அதோட கடைசில பாஸ்டன் ஆட்டக்காரர் ரான்டோ போட்ட ஷாட்டை ரோஸ் பிளாக் பண்ணார். அந்த சீரிஸை முழுசா பார்த்தவங்க யாரும் அதுக்கப்புறம் ரோஸ் பேரைக் கேட்டா சும்மா இருக்க மாட்டாங்க.

2010 செப்டம்பர்ல, சீசன் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ரிப்போர்ட்டர்ஸ் கூட்டத்துல, நான் ஏன் எம்விபி ஆகக்கூடாதுன்னு சர்வ சாதாரணமா கேட்டார். எப்பவும் வாயே திறக்காத, மைக்கைப் பார்த்தா கூச்சப்படற பையன் அப்படி சொன்னது எல்லாருக்கும் ஆச்சரியம். அதுக்கு முந்தின வருஷம் புல்ஸ் 41-41, அதாவது 41 ஜெயிப்பு, 41 தோல்வி. அந்த வருஷம் 62-20, லீக்லயே முதல் இடம். ரோஸ் 25 பாயின்ட், 7.7 அசிஸ்ட். டீம்ல அவரைத் தவிர ஒரு ஆல்-ஸ்டார் கூட கிடையாது, புதுசா வந்த பூஸர் 59 மேட்ச்தான், நோவா 48 மேட்ச்தான், ரோஸ் 81. எம்விபி தேர்வுல 121 முதல் இட ஓட்டுல 113 அவருக்கு. அதுதான் லெப்ரான், வேட், பாஷ் மூணு பேரும் மயாமில சேர்ந்து நாடே அதைப் பத்தி மட்டும் பேசிக்கிட்டு இருந்த வருஷம், அந்த மயாமியை ரெகுலர் சீசன்ல மூணு தடவையும் தோற்கடிச்சாங்க.

அந்த ஆட்டத்தை நம்பர்ல சொல்லவே முடியாது, பார்த்தவங்களுக்குத்தான் தெரியும். ஆறடி மூணு அங்குலம் உயரத்துக்கு அந்த வேகம், வேகத்துல வந்துட்டு ரெண்டு பெரிய ஆளுங்களுக்கு நடுவுல காத்துல நின்னு பந்தை இந்தக் கையில இருந்து அந்தக் கைக்கு மாத்தி, போர்டுல பட்டு உள்ள விழறது. அவர் ஓடி வரும்போது கூடைக்குக் கீழ நிக்கற ஆளு முகத்துல ஒரு பயம் தெரியும் பாருங்க, தடுக்கறதா ஒதுங்கறதான்னு. அப்போ சிகாகோல இருந்த பசங்களுக்கு ஜோர்டான் அப்பா தலைமுறை ஆளு, ரோஸ் அவங்க ஆளு, அவங்க தெருப் பையன்.

சரி, இப்ப வேண்டாம்னு சொல்றவங்க பக்கம் நிஜமாவே உட்கார்ந்து யோசிப்போம், ஏன்னா அவங்க வாதம் லேசுப்பட்டது இல்ல. அந்த 62 ஜெயிப்புக்கு முக்கிய காரணம் கோச் டாம் திபடோ கொண்டு வந்த டிஃபென்ஸ், அந்த வருஷம் லீக்லயே நம்பர் ஒன், கோச் ஆஃப் த இயர் அவருக்குத்தான் கிடைச்சது. ரோஸ் அந்த டிஃபென்ஸோட தூண் கிடையாது. 2011-12ல, லாக்அவுட்டால (ஓனர்-ஆட்டக்காரர் தகராறு) 66 மேட்ச்சா சுருங்கின சீசன், புல்ஸ் 50-16, அதுல ரோஸ் ஆடுனது 39 மேட்ச்தான், அவர் இல்லாத 27 மேட்ச்ல டீம் 18-9. அதாவது அவர் இல்லாமலே மூணுல ரெண்டு ஜெயிக்கற டீம். அதுக்கு அடுத்த வருஷம் ரோஸ் ஒரு மேட்ச் கூட ஆடல, 45 ஜெயிச்சு பிளேஆஃப்ல புரூக்ளினை ஏழு மேட்ச்ல தோற்கடிச்சாங்க. இதைப் பார்த்துட்டு, அந்த எம்விபியே டுவைட் ஹோவர்டுக்கோ லெப்ரானுக்கோ போயிருக்கணும்னு சொல்றவங்க அன்னிக்கும் இருந்தாங்க, இன்னிக்கும் இருக்காங்க, கணக்கு போட்டுப் பார்க்கறவங்கள்ல அது சின்னக் கூட்டமும் இல்ல.

அப்புறம் மயாமி. 2011 ஈஸ்டர்ன் கான்ஃபரன்ஸ் ஃபைனல், முதல் மேட்ச்ல புல்ஸ் 21 பாயின்ட்ல ஜெயிச்சாங்க, அடுத்த நாலும் மயாமிக்கு. மேட்ச் இறுகினப்போ லெப்ரானே வந்து ரோஸை கவர் பண்ணார், ரோஸால தாண்ட முடியல. எம்விபி வருஷத்துலயே ஒரு ஃபைனல் கிடையாது. மொத்த கெரியர்ல மூணே ஆல்-ஸ்டார், ஒரே ஒரு ஆல்-என்பிஏ. ஒரே ஒரு தடவை! ஹால் ஆஃப் ஃபேம் தரத்துக்கு இது ரொம்பக் குறைச்சல், இதை நான் மழுப்ப மாட்டேன்.

இப்ப பக்கத்துல நிறுத்திப் பார்க்க வேண்டிய ஆளுங்களுக்கு வருவோம். பெரும்பாலும் எல்லாரும் எடுத்தவுடனே சொல்ற பேரு பில் வால்டன். அவரும் எம்விபி, 1978ல, அந்த வருஷம் 58 மேட்ச்தான் ஆடினார், பாதம் பாதமா உடைஞ்சு மொத்தமே 468 மேட்ச், இருந்தும் 1993ல உள்ள போயிட்டார், அப்போ 723 மேட்ச் ஆடுன ரோஸ் ஏன் போகக்கூடாதுன்னு கேப்பாங்க. கேக்க நல்லா இருக்கும், ஆனா இந்த ஒப்பீடு ரோஸுக்கு உதவாது. வால்டன் யுசிஎல்ஏ யுனிவர்சிட்டில ரெண்டு தேசிய சாம்பியன், 88 மேட்ச் தொடர்ந்து ஜெயிச்ச அந்த வரிசையோட நடுநாயகம், காலேஜ் ஆட்டத்தோட வரலாற்றுலயே முதல் நாலஞ்சு பேர்ல ஒருத்தர். 1977ல போர்ட்லேண்டுக்கு சாம்பியன்ஷிப், ஃபைனல்ஸ் எம்விபி, அப்புறம் 1986ல பாஸ்டன்ல பெஞ்சுல இருந்து வந்து இன்னொரு சாம்பியன்ஷிப். என்பிஏல ஒரு மேட்ச் ஆடுறதுக்கு முன்னாடியே பாதி ஹால் ஆஃப் ஃபேம் அவர் கையில இருந்துச்சு. ரோஸுக்கு அந்தப் பாதி அழிஞ்சு போச்சு. ரெண்டு பேரோட காயமும் ஒண்ணா இருக்கலாம், சாதனை ஒண்ணு இல்ல.

கிராண்ட் ஹில்லும் அப்படித்தான். டெட்ராய்ட்ல ஆறு வருஷம் அற்புதமா ஆடிட்டு 2000ல கணுக்கால் போனது, ஓர்லாண்டோல முதல் நாலு சீசன் சேர்த்து 47 மேட்ச், ஒரு சீசன் முழுசா பூஜ்யம். அந்த வலியில இருந்து திரும்பி வந்து நாப்பது வயசு வரைக்கும் ஆடி 1026 மேட்ச்சோட முடிச்சார். ரோஸோட இவருக்கு மனசளவுல இருக்கற ஒத்துமை ரொம்ப ஆழம், ஆனா பேப்பர்ல பார்த்தா ஏழு ஆல்-ஸ்டார், அஞ்சு ஆல்-என்பிஏ, ட்யூக் யுனிவர்சிட்டில ரெண்டு தேசிய சாம்பியன்ஷிப், ஒலிம்பிக் தங்கம். டிரேசி மெக்ரேடியும் காயத்தால சரிஞ்சவர்தான், ஆனா ரெண்டு ஸ்கோரிங் டைட்டில், ஏழு ஆல்-என்பிஏ. யாவ் மிங் 486 மேட்ச்தான், ஆனா எட்டு ஆல்-ஸ்டார், அதுக்கும் மேல சீனாவையே இந்த விளையாட்டுப் பக்கம் திருப்பினவர், அவரை பாயின்ட் கணக்குல அளக்கறதே தப்பு. இவங்க யாரும் ரோஸுக்கு சரியான ஜோடி இல்ல.

சரியான ஜோடி பென்னி ஹார்டவே. இதை யோசிச்சப்போதான் எனக்கே விஷயம் தெளிவாச்சு. ரெண்டு பேரும் மெம்பிஸ் யுனிவர்சிட்டி பாயின்ட் கார்டுங்க, ரெண்டு பேருக்கும் முட்டி, ரெண்டு பேருக்கும் நாலு வருஷம் வானம், அப்புறம் இறக்கம். பென்னி 704 மேட்ச், 15.2 பாயின்ட், 5 அசிஸ்ட். ரோஸ் 723 மேட்ச், 17.4 பாயின்ட், 5.2 அசிஸ்ட். அட, அண்ணன் தம்பி மாதிரி. இன்னும் சொல்லப்போனா சில இடத்துல பென்னி மேல. ரெண்டு தடவை ஆல்-என்பிஏ முதல் டீம், ஒரு தடவை மூணாவது டீம், நாலு ஆல்-ஸ்டார், 1995ல ஷாக்கோட (ஷாகில் ஓ'நீல்) சேர்ந்து ஃபைனல் வரைக்கும் போனார், 1996ல ஒலிம்பிக் தங்கம். இருந்தும் வருஷக்கணக்கா வெளிய நிக்கறார். அப்போ ரோஸை உள்ள விடறதுன்னா, பென்னிகிட்ட இல்லாத எது ரோஸ்கிட்ட இருக்குன்னு ஒருத்தர் கையில காட்டணும். அதைக் காட்ட முடியலைன்னா வேண்டாம்னு சொல்றவங்கதான் ஜெயிச்சாங்க.

என்னால மூணு விஷயம் காட்ட முடியும்னு நினைக்கறேன்.

முதல்ல அந்த எம்விபி. ரோஸுக்கு முன்னாடி எம்விபி வாங்கி ரிடையர் ஆன அத்தனை பேரும் உள்ள இருக்காங்கன்றது நிஜம்தான், ஆனா அதை ஒரு சட்டமா சொல்றது எனக்குப் பிடிக்கல, மத்தவங்க எல்லாருக்கும் அந்த விருதோட சேர்த்து வேற நிறைய இருந்துச்சு. நான் சொல்றது வேற. பென்னி ஃபைனல் போனப்போ பக்கத்துல ஷாக் இருந்தார், டீமோட முதல் ஆளு பென்னி இல்ல. ரோஸ் அந்த வருஷம் தனியா முதல் ஆளு. லீக்லயே அதிகம் ஜெயிச்ச டீம்ல, பந்தை எடுத்துட்டு வர்றதும் அவர், கடைசி ஷாட் போடறதும் அவர், எதிராளி டபுள் டீம் பண்றதும் அவரைத்தான். டிஃபென்ஸ் திபடோவோடதுன்னா, ஸ்கோர் பண்ண வேண்டிய பாரம் முழுக்க அந்த 22 வயசுப் பையன் மேலதான் இருந்துச்சு. அவர் இல்லாம 18-9 ஆடுன அதே டீம் அவரோட 32-7. பிளேஆஃப்ல அவர் விழுந்ததும் முதல் இடத்துல இருந்த டீம், எட்டாம் இடத்துல இருந்த ஃபிலடெல்ஃபியாகிட்ட தோத்து முதல் சுத்துலயே வெளிய. ரெகுலர் சீசன்ல சமாளிக்க முடிஞ்சது பிளேஆஃப்ல முடியல (அந்த சீரிஸ்ல நோவாவுக்கும் அடிபட்டது, அதையும் சொல்லணும்). ஒரு வருஷத்துக்கு இந்த விளையாட்டோட உச்சியில ஏறி நிக்கறதுன்னா என்னன்னு ரோஸுக்குத் தெரியும், பென்னி உச்சிக்குப் பக்கத்துல போனவர். அந்த ஒரு படி இருக்கு பாருங்க, அந்தப் படி வரைக்கும் வந்து நின்னவங்க ஏராளம், ஏறினவங்க கையில எண்ணற அளவுதான்.

ரெண்டாவது, நாட்டுக்காக ஆடினது. இதை யாருமே பேசறதில்ல, ரோஸ் ரசிகர்களே மறந்துடறாங்க. 2010 துருக்கி உலகக் கோப்பையில தங்கம், அந்த டீமோட ஸ்டார்ட்டிங் பாயின்ட் கார்டு அவர். 2014 ஸ்பெயின்ல ரெண்டாவது தங்கம், ரெண்டு முட்டி ஆபரேஷனுக்கு அப்புறம். அந்த ரெண்டாவதுல அவர் பெருசா ஆடலைன்றதை ஒத்துக்கறேன், ஷாட் ஒண்ணும் விழல, ஆனாலும் போய் நின்னார். ஹால் ஆஃப் ஃபேம் என்பிஏவுக்கு மட்டுமானது இல்லைன்னா இந்த ரெண்டு தங்கமும் கணக்குல வரணும். பென்னிகிட்ட ஒலிம்பிக் தங்கம் இருக்கறதால இதுல ரோஸ் பெரிய முன்னிலை எடுக்கல, அதையும் நேர்மையா சொல்லிடறேன், ஆனா காலேஜ் பத்தி காலியா இருக்கற ஆளுக்கு இது ஒரு கைப்பிடி.

மூணாவதுதான் எனக்கு முக்கியம், இங்க கொஞ்ச நேரம் நிக்கறேன்.

2012 ஏப்ரல் 28. பிளேஆஃப் முதல் மேட்ச். புல்ஸ் 12 பாயின்ட் முன்னிலை, ஒரு நிமிஷம் இருவது செகண்ட் சுமாரா பாக்கி. நம்ம ஊர் நேரத்துக்கு நடுராத்திரி தாண்டியிருச்சு. ரோஸ் 23 பாயின்ட், 9 ரீபவுண்ட், 9 அசிஸ்ட். ஜெயிச்சாச்சு, இனிமே உட்காரலாம்னு எல்லாரும் நினைக்கற நேரம், ரெண்டு கால்ல ஊனி எம்பப் பார்த்து இடது முட்டியைப் பிடிச்சுக்கிட்டு விழுந்தார். முட்டி எலும்புகளைப் பிணைக்கற ஏசிஎல் நார் கிழிஞ்சது. அந்த நேரத்துல அவரை ஏன் இன்னும் கோர்ட்ல வெச்சிருந்தாங்கன்ற கேள்விக்கு இத்தனை வருஷம் கழிச்சும் சண்டை ஓயல. அடுத்த சீசன் முழுசும் இல்ல, டாக்டர்ங்க ஆடலாம்னு சொன்ன பிறகும் அவர் தயாராகல, சொந்த ஊர் ஜனங்களே திட்டினாங்க, பயந்தாங்கொள்ளின்னாங்க. திரும்பி வந்தார், பத்து மேட்ச், 2013 நவம்பர்ல வலது முட்டியில ஜவ்வு கிழிஞ்சது. திரும்பி வந்தார், 2015 பிப்ரவரில அதே வலது முட்டியில திரும்பவும். அதுக்கப்புறமும் அதே வருஷம் மே மாசம் லெப்ரானோட கிளீவ்லாண்டுக்கு எதிரா பஸர் அடிக்கும்போது போர்டுல பட்டு விழுந்த அந்த த்ரீ, கொண்டாடக்கூட இல்லாம கல்லு மாதிரி நின்னார் மனுஷன், சுத்தி மொத்த டீமும் குதிக்குது.

அப்புறம் சிகாகோ அவரை நியூயார்க்குக்கு டிரேட் பண்ணிடுச்சு. அடுத்து கிளீவ்லாண்ட். அங்க பாதி சீசன்ல சொல்லாம கொள்ளாம ஒதுங்கி, ஆடறதா நிறுத்தறதான்னு யோசிக்கற நிலைமைக்குப் போனார். 2018 பிப்ரவரில யூட்டாவுக்கு டிரேட் ஆனார், யூட்டா ரெண்டே நாள்ல கழட்டி விட்டது, ஒரு மேட்ச் கூட ஆடாம. முப்பது வயசு கூட ஆகல, முன்னாள் எம்விபி, ஒரு மாசம் வேலை இல்ல. திபடோதான் மினசோட்டாவுக்குக் கூப்பிட்டார்.

2018 அக்டோபர் 31, அந்த யூட்டாவுக்கே எதிரா, மினசோட்டால ஜிம்மி பட்லரும் இல்ல, ஜெஃப் டீகும் இல்லாததால ரோஸை ஸ்டார்ட் பண்ண வெச்சாங்க. 50 பாயின்ட். எம்விபி வருஷத்துல கூட எடுக்காத ஸ்கோர், வாழ்க்கையிலயே அதிகம். 31 ஷாட்ல 19 உள்ள. கடைசில யூட்டா சமன் பண்ண போட்ட த்ரீயை அவரே பிளாக் பண்ணி 128-125ல ஜெயிக்க வெச்சார். முடிஞ்சதும் அழுதார், பேச முடியல, கூட ஆடுன பசங்க அவர் மேல தண்ணியை ஊத்துறாங்க, அவர் தலையைக் குனிஞ்சுக்கிட்டு நிக்கறார். எனக்கு இப்ப எழுதும்போதும் தொண்டை அடைக்குது.

ஒரு ராத்திரி 50 எடுத்தவன் எல்லாம் ஹால் ஆஃப் ஃபேமான்னு கேக்கலாம், இல்ல. ஆனா அது ஒரு ராத்திரி இல்லைன்றதுதான் நான் சொல்ல வர்றது. காத்துல பறந்து ஆடுன ஆளு, அந்த வித்தையே போனதுக்கப்புறம் தரையில நின்னு ஆடக் கத்துக்கிட்டார். வேகத்தைக் குறைச்சு, ஃப்ளோட்டர், மிட்ரேஞ்ச், கடைசில த்ரீயும். பெஞ்சுல இருந்து வர்றதை ஏத்துக்கிட்டார், அது எம்விபி வாங்குனவனுக்கு எவ்ளோ கஷ்டம்னு யோசிச்சுப் பாருங்க, எத்தனையோ பெரிய ஆளுங்க அதை ஏத்துக்க முடியாமலே வீட்டுக்குப் போயிருக்காங்க. 2021ல நியூயார்க்குக்கு திரும்பி வந்து, எட்டு வருஷமா பிளேஆஃப் பார்க்காத நிக்ஸ் உள்ள போனப்போ, அட்லாண்டாவுக்கு எதிரான அந்த சீரிஸ்ல டீம்லயே அதிக ஸ்கோர் ரோஸோடது, 19.4 சராசரி, 32 வயசுல, பத்து வருஷத்துக்கு முன்னாடி எம்விபி வாங்கின ஆளு. டீம் தோத்தது, ஆனா அந்த வயசுல அந்த முட்டியோட தோத்த டீமோட முதல் ஆளா நின்னார். பென்னிக்கு இறக்கம் வந்ததுக்கப்புறம் இப்படி ஒரு ரெண்டாவது உயிர் கிடைக்கல, அது அவர் தப்பு இல்ல, ஆனா ஒப்பிடும்போது இந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியுது.

நாலு வருஷம்தானேன்னு சொல்றவங்க அந்த நாலோட கணக்கை மூடிடறாங்க. நான் அதுக்கப்புறம் வந்த பன்னெண்டு வருஷத்தையும் கணக்குல சேர்க்கச் சொல்றேன். பரிதாபத்துக்காக இல்ல, அந்த வருஷங்கள்லயும் அவர் நிஜமா ஆடி நிஜமா ஜெயிச்சுக் கொடுத்தார்ன்றதுக்காக.

இன்னொரு வழியும் சிலர் சொல்றாங்க, புல்ஸ் அவரோட ஒண்ணாம் நம்பர் ஜெர்சியை ரிடையர் பண்றதா 2025 ஜனவரில அறிவிச்சாங்களே, அது போதாதா, ஸ்பிரிங்ஃபீல்டு எதுக்குன்னு. ஸ்லோன், பாப் லவ், ஜோர்டான், பிப்பன், இந்த நாலு பேருக்கு அடுத்து அஞ்சாவதா அந்த கூரையில ஒரு நம்பர் ஏறறது சாதாரணம் இல்லதான். ஒரு ஊரோட மரியாதைக்கும் ஒரு விளையாட்டோட மரியாதைக்கும் வித்தியாசம் இருக்குன்ற இவங்க வாதத்துல நியாயமும் இருக்கு, ரோஸ் முதல்ல சிகாகோவுக்கு சொந்தம், அப்புறம்தான் மத்தவங்களுக்கு. ஆனா 50 எடுத்த ராத்திரி அவர் சிகாகோ ஆளு இல்லையே. யூட்டா துரத்தின, மினசோட்டா கூப்பிட்ட ஆளு. அன்னிக்கு லீக்ல இருந்த பாதி ஆட்டக்காரங்க போன்ல அவர் பேரை எழுதித் தள்ளினாங்க, போட்டி டீம் ஆளுங்க உட்பட. முட்டி கிழிஞ்சு ஆஸ்பத்திரி கட்டில்ல படுத்துக்கிட்டு இனிமே ஆட முடியுமான்னு கூகுள் பண்ற எந்த ஊர் பசங்களுக்கும் அவர்தான் ஞாபகத்துக்கு வர்றார். அது ஒரு ஊர் கூரையில அடங்கற விஷயமா எனக்குத் தெரியல.

அப்போ என் ஓட்டு? சேர்க்கலாம். ஆனா அவர் பேரு மேசைக்கு வர்ற முதல் வருஷமே, கோபி, டங்கன் மாதிரி யாரும் யோசிக்காம கை தூக்கற கணக்குல இல்ல. ஒண்ணு ரெண்டு வருஷம் காத்திருக்க வெச்சாலும் நான் சண்டைக்கு வர மாட்டேன், ஏன்னா ஆல்-என்பிஏ ஒண்ணுதான்றது நிஜமான குறை, அதை அந்த 24 பேர் யோசிக்கறது நியாயம். வாசல்ல கடைசில நுழையற ஆளுங்கள்ல ஒருத்தரா அவர் இருக்கட்டும், அது அவமானம் இல்ல. அதோட பென்னி ஃபைலையும் தூசி தட்டி எடுத்து அதே மேசையில வைக்கணும்ன்றது என் ஆசை, ரோஸுக்காக இவ்ளோ பேசிட்டு அவரை மறந்தா அது ஒரு கண்ணுல வெண்ணெய், ஒரு கண்ணுல சுண்ணாம்பு.

ஓட்டு போடற அந்த 24 பேர்கிட்ட எனக்கு ஒரே ஒரு வேண்டுகோள்தான் இருக்கு. ரோஸை உள்ள விடும்போது மேடையில காட்டற வீடியோல முட்டியைப் பிடிச்சுக்கிட்டு விழுந்த அந்த சீனை முதல்ல போடாதீங்க. சிகாகோல ரான்டோவை பிளாக் பண்ணதுல இருந்து ஆரம்பிங்க.